மேலிருந்து பார்த்தால் வெட்டுக்கிளி தெரியுமா? கோப்பர்நிக்கஸ் பிரவுசரும் ஒரு சீரகக்காரனும்

முழுவதும் படிக்கப் பொறுமையில்லாதவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை இலவசமாகக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை. வெட்டுக்கிளிச் சேதத்தைக் கண்டுபிடிக்க அதை மட்டும் நம்பினால் ஐந்துக்கு இரண்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வெட்டுக்கிளி வரைபடத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் நான்கு. ஒரே சாமானுக்கு மூன்று மதிப்பெண்ணா என்று கேட்பீர்கள். எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தானே மதிப்பெண்.

நான் விண்வெளி ஆள் இல்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் மசாலாச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கொள்முதல் பார்க்கிறேன். கிடங்கு பாண்டான் லூப்பில். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் வரும், போகும். தூக்கத்தைக் கெடுப்பது சீரகம்தான். இந்தியாவில் சீரகம் என்றாலே குஜராத்தும் ராஜஸ்தானும்தான். விலை முடிவாவது குஜராத்தின் உஞ்சா மண்டியில். அங்கே காலையில் ஒரு வதந்தி கிளம்பினால் மதியத்துக்குள் எங்கள் கைத்தொலைபேசிக்கு வந்துவிடும்.

வதந்தியை அனுப்புவதற்கென்றே ஓர் ஏற்றுமதிக்காரர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஜனவரி பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். வானம் மறைய வெட்டுக்கிளி பறக்கும், கீழே வயலில் ஒருவர் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார். கூடவே ஒரு வரி: பயிர் போச்சு, விலை ஏறப் போகிறது, இன்றைக்கே சரக்கு லாட்டைப் பிடித்துப் போடுங்கள். அந்த வீடியோ எனக்கு மனப்பாடம். 2019 கடைசியில் வந்த வீடியோ அது. அதே தாம்பாளம், அதே ஸ்வெட்டர், வருஷம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் கப்பலில் கன்டெய்னர் வரவழைப்பவர்கள். ஒரு தவறான வாரத்தில் விலை பேசி முடித்தால் அந்த வித்தியாசம் வருஷம் முழுக்க இடிக்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு ராஜஸ்தான் வயலைப் பார்க்க முடியுமா என்று தேடியபோதுதான் இந்தச் சேவை கண்ணில் பட்டது.

அதற்காக வெட்டுக்கிளியே கட்டுக்கதை என்று சொல்ல வரவில்லை. 2019 டிசம்பரில் அது நிஜமாகவே வந்தது. பாகிஸ்தான் பக்கமிருந்து எல்லை தாண்டி, அப்போதைய பனஸ்காந்தா மாவட்டத்து வாவ், தராத் தாலுகாக்களில் இறங்கி, கடுகு, ஆமணக்கு, சீரகம், சோம்பு என்று பாகுபாடே இல்லாமல் மேய்ந்தது. ராஜஸ்தானில் ஜாலோர், பார்மேர், ஜைசல்மேர் மாவட்டங்களிலும் அந்தக் குளிர்காலம் முழுக்க அதே தொல்லை. ஒரு பாலைவன வெட்டுக்கிளியின் எடை 2 கிராம்தான். ஆனால் தினமும் தன் எடைக்குச் சமமாகத் தின்னும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி பூச்சிகள் இருக்கலாம் என்றும், அது ஒரே நாளில் 35,000 பேர் சாப்பிடும் அளவைக் காலி செய்யும் என்றும் உணவு வேளாண் அமைப்பு கணக்குச் சொல்கிறது. காற்று தோதாக இருந்தால் ஒரு நாளில் 100, 150 கிலோமீட்டர் போய்விடும். ஆக, வியாபாரி அனுப்பும் வீடியோ பொய்யாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஏதாவது வேண்டும்.

சரி, பிரவுசருக்கு வருவோம். பெயரில் பிரவுசர் என்று இருந்தாலும் தரவிறக்கி நிறுவ ஒன்றுமில்லை, இணையப் பக்கம்தான். படம் பார்க்கக் கணக்கு வேண்டாம். படத்தை இறக்கிக்கொள்வது மாதிரியான வேலைகளுக்கு இலவசமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் ஊரைத் தேடி, தேதியைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய சென்டினல்-2 படம் விரியும். மேகம் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று ஒரு நகர்த்தியில் வைத்துக்கொள்ளலாம். இயற்கை வண்ணம், அகச்சிவப்பு வண்ணம், தாவரக் குறியீடு, ஈரப்பதக் குறியீடு என்று ஒரே படத்தை வேறு வேறு விதமாகக் காட்டும். இரண்டு தேதிகளை அக்கம்பக்கமாக வைத்து நடுவில் ஒரு கோட்டை இழுத்து இழுத்து ஒப்பிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கைத்தொலைபேசியில் முயலாதீர்கள். பெரிய திரை வேண்டும்.

சென்டினல்-2 ஒன்றல்ல. முதலாவது 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் மேலே போனவை. 2024 செப்டம்பரில் இன்னொன்றும் சேர்ந்தது. இரண்டு கோள்கள் மாறி மாறிச் சுற்றுவதால் ஓர் இடத்தின் படம் 5 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்தந்த ஊர் நேரப்படி காலை பத்தரை வாக்கில் கடக்கும்படி பாதை அமைத்திருக்கிறார்கள். மேற்கு ராஜஸ்தானுக்கு அது நம் சிங்கப்பூர் நேரத்தில் மதியம் ஒன்றரை தாண்டி வரும். நாங்கள் பகல் சாப்பாட்டை முடித்துக் கை கழுவும் நேரத்தில் அது ஜாலோர் மேலே போகிறது. மறுநாள் கடையைத் திறந்து கோப்பியோடு உட்காரும்போது பெரும்பாலும் படம் தயாராக இருக்கும். இதற்குப் பைசா வாங்காமல் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

முதல் முறை அகச்சிவப்பு வண்ணத்தில் படத்தைத் திறந்து வைத்திருந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, ஊரே எரியுது?"

"எரியலை முதலாளி. நல்லாச் செழிச்ச பயிர்தான் இதுல சிவப்பாத் தெரியும்."

"அப்ப பச்சையா இருந்தா?"

"பச்சையாவே தெரியாது முதலாளி."

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்கு. விலை ஏறுமா இறங்குமா, அதைச் சொல்லு" என்று போய்விட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்தச் சிவப்புக்குள்தான் விஷயம் இருக்கிறது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ என்னும் தாவரக் குறியீடு. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று கிடக்கும். அடர்ந்த பயிருக்கு 0.7, 0.8 வரை ஏறும். இலை போனால் எண் விழும். வெட்டுக்கிளி இலையைத்தானே தின்கிறது? அப்புறம் என்ன, எண் விழுந்த இடமெல்லாம் வெட்டுக்கிளி என்று குறித்துவிட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது உறுதியாக வெட்டுக்கிளி வந்த இடத்தையும் காலத்தையும். வாவ், தராத் பகுதி. 2019 டிசம்பர், 2020 ஜனவரி. படத்தில் நர்மதா பிரதான கால்வாய் பிசிறில்லாத கருங்கோடாகக் குறுக்கே ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் வயல்கள் அடர்த்தியாக, மறுபக்கம் திட்டுத்திட்டாக. இந்தப் பக்கம் 2019 ஜனவரி, அந்தப் பக்கம் 2020 ஜனவரி என்று வைத்துக் கோட்டை இழுத்தேன். வெட்டுக்கிளி வந்த வருஷம்தான் அதிகப் பச்சை!

யோசித்தால் காரணம் பிடிபடுகிறது. 2018 பருவமழை வட குஜராத்தை ஏமாற்றிய வருஷம். பனஸ்காந்தா உட்படப் பல தாலுகாக்களை வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது. 2019 அதற்கு நேர் எதிர். மழை கொட்டியது, வடமேற்கு இந்தியாவிலிருந்து பருவமழை விலகத் தொடங்கவே அக்டோபர் 9 ஆனது, அவ்வளவு தாமதம். அதே மழைதான் விவசாயிக்கு நிலத்தில் ஈரம் கொடுத்து அதிகம் விதைக்க வைத்தது. அதே மழைதான் தார் பாலைவனத்தில் வெட்டுக்கிளிக்கு இன்னொரு முறை முட்டையிட அவகாசமும் கொடுத்தது. மாவட்டச் சராசரியைப் பார்த்தால் நல்ல வருஷம். தனித்தனி வயலைப் பார்த்தால் சிலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. போன வருஷத்தோடு ஒப்பிட்டு ஒரு விழுக்காடு சொல்லிவிட்டுப் போகும் அறிக்கைகளை அன்றிலிருந்து நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

ஆகவே வயல் வயலாகத்தான் பார்க்க வேண்டும். பிரவுசரில் ஒரு வயலைச் சுற்றிக் கோடு போட்டு வரைபடப் பொத்தானை அழுத்தினால், அந்த வயலின் குறியீடு தேதி வாரியாக ஏறி இறங்குவதைக் காட்டும். ஆரோக்கியமான ரபிப் (குளிர்காலப்) பயிர் ஒன்றின் கோடு நவம்பரில் தரையோடு கிடந்து, டிசம்பரில் ஏறி, ஜனவரி கடைசி, பிப்ரவரியில் உச்சிக்குப் போய், மார்ச்சில் இறங்கும். நான் பார்த்த ஒரு நீள்சதுர வயலின் கோடு டிசம்பர் நடுவில் 0.5-ஐத் தொட்டு, அடுத்த படத்தில் 0.2-க்குக் கீழே விழுந்து, பிறகு எழவே இல்லை. ஒட்டிய வயல் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகிறது. டிசம்பரில் யாரும் அறுவடை செய்ய மாட்டார்கள். சீரகம் பிப்ரவரி பிற்பாதிக்குப் பிறகுதான். பயிர் நாட்காட்டி தெரிந்தவனுக்கு இந்தக் கோடு ஏதோ சொல்கிறது.

என்ன சொல்கிறது? ஏதோ நடந்தது என்று சொல்கிறது. யார் தின்றது என்று சொல்லவில்லை. வாடல் நோய் வந்திருக்கலாம், கருகல் வந்திருக்கலாம். பயிர் தேறாது என்று விவசாயியே உழுது போட்டிருக்கலாம். பக்கத்து வயல்களும் பயிர் வித்தியாசமில்லாமல், அதே இரண்டு படங்களுக்கு நடுவில், சேர்ந்தாற்போல் விழுந்திருந்தால் வெட்டுக்கிளி என்ற சந்தேகம் வலுக்கும். நோய்க்குப் பயிர் பார்க்கத் தெரியும், வெட்டுக்கிளிக்குத் தெரியாது. பேர்போன ஒரு விதிவிலக்கு வேம்பு. 1959-ல் சூடானில் வெட்டுக்கிளி சூறையாடிப் போன இடத்தில் வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். வேம்பு ஆராய்ச்சி உலகம் முழுக்கச் சூடு பிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மொட்டை வயலில் ஒரே ஒரு பிக்சல் பச்சையாக நின்றால் அது வேப்பமரமாக இருக்குமோ என்று நானும் ஆசையோடு பார்ப்பதுண்டு. 10 மீட்டர் பிக்சலில் அவ்வளவு துப்பெல்லாம் துலங்காது.

சீரகத்துக்கென்று இன்னொரு கஷ்டம். கடுகு மாதிரி அது நிலத்தை மூடி வளர்வதில்லை. நூல் நூலாக இலை, குட்டைச் செடி, நடுவில் மண் தெரியும். நன்றாக வளர்ந்த சீரக வயலே படத்தில் அரைகுறையாகத்தான் பச்சை காட்டும். ஆகவே அதில் பாதியை வெட்டுக்கிளி தின்றாலும் எண்ணில் பெரிய வீழ்ச்சி தெரியாது. மண்ணின் பங்கைக் கழித்துப் பார்க்கும் வேறு குறியீடுகள் இருக்கின்றன. பிரவுசரில் நாமே சூத்திரம் எழுதிப் போடும் வசதியும் உண்டு. செய்து பார்த்தேன், கொஞ்சம் தேவலை. கடுகு சேதத்தை இந்தச் சேவையில் நம்பிப் பார்க்கலாம், சீரகத்தை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியதோ சீரகம்.

வெட்டுக்கிளிக் கூட்டத்தையே நேரில் பார்க்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. கூட்டம் பறக்கிறது, அலைகிறது, அடர்த்தி மாறுகிறது. 5 நாளுக்கு ஒருமுறை ஒரு நொடியில் எடுக்கும் படத்தில் அது சிக்குவது அதிர்ஷ்டம். தவிர, இரவு மரத்திலும் பயிரிலும் அடைந்து கிடந்து, வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் கிளம்பும். மருந்தடிப்பவர்கள் விடியற்காலையில் போவது அதனால்தான். செயற்கைக்கோள் வரும் நேரத்துக்கு விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டிருப்பார். நமக்குக் காட்டுவது எச்சில் இலையைத்தான்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் உணவு வேளாண் அமைப்பின் லோகஸ்ட் ஹப் வரைபடம். அழகில் கோப்பர்நிக்கஸுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஓர் ஆள் வண்டியிலிருந்து இறங்கி நடந்து பார்த்துப் பதிந்தது. வெட்டுக்கிளி நாடுகளின் கள அலுவலர்கள் ஈலோகஸ்ட்3 என்ற கருவியில் இடம், தேதி, பூச்சி குஞ்சா வளர்ந்ததா, தனியாகத் திரிகிறதா கூட்டமா, நிலத்தில் ஈரம் இருக்கிறதா என்றெல்லாம் குறித்து அனுப்புகிறார்கள். இந்தியாவில் அந்த வேலையைப் பார்ப்பது 1939-ல் தொடங்கிய வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு, ஜோத்பூரில் இருக்கிறது. மாதாந்தர அறிக்கையும் வரும். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு அச்சுறுத்தல், சிவப்பு ஆபத்து. ஏற்றுமதிக்காரர் 'பயிர் போச்சு' என்று எழுதும் மாதத்தில் அந்தப் பகுதியில் பச்சை என்று போட்டிருந்தால் நான் அன்றைக்கு லாட் பிடிப்பதில்லை. அவ்வளவுதான் என் சூத்திரம்.

நேரில் பார்த்த கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 மே மாதமே சாட்சி. வடக்கே ஜெய்ப்பூர் வரை கூட்டம் வந்துவிட்ட நேரம் அது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் எருக்கஞ்செடியில் வெட்டுக்கிளி மொய்க்கிறது என்று படம் பரவியதும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருமே ஊருக்குப் போன் போட்டுப் பதறினார்கள். வேளாண் அதிகாரிகள் போய்ப் பார்த்து, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, உள்ளூர் வகை என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. எந்தக் கோளும் அந்தச் செய்தியைச் சொல்லியிருக்காது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் நாலரை கொடுத்தேன்? சேதத்துக்குப் பிந்தி வரும் படத்தைவிடச் சேதத்துக்கு முந்தி வரும் படம் பத்து மடங்கு உபயோகம். வெட்டுக்கிளி எங்கே இருக்கிறது என்று கோளுக்குத் தெரியாது. ஆனால் எங்கே பெருகப் போகிறது என்று ஓரளவு தெரியும். பெண் பூச்சி ஈரமான மணலில் 10, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் முட்டையிடும். மழை வேண்டும், மண்ணில் ஈரம் வேண்டும், குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் மேயப் பச்சை வேண்டும். மூன்றையும் மேலிருந்து அளக்கலாம். நாசாவின் ஸ்மாப் கோள் 2015 முதல் மேல்மண் ஈரத்தை அளக்கிறது. டெர்ரா, அக்வா கோள்களின் மோடிஸ் கருவி 250 மீட்டர் பிக்சலில் பாலைவனப் பச்சையைத் தினமும் காட்டுகிறது. அதை வைத்துத்தான் உணவு வேளாண் அமைப்பு புதிதாகப் பசுமை கண்ட இடங்களுக்கு ஆட்களை அனுப்புகிறது. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் மணலில் எங்கே தேடுவது என்பதற்கு வேறு வழியே கிடையாது.

அப்படி இருந்தும் 2018-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். மே மாதம் மெகுனு புயல், அக்டோபரில் லுபான் புயல், இரண்டும் அரேபியாவின் ரப் அல் காலிப் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. மணல்மேடுகளுக்கு நடுவில் ஏரிகள் தேங்கின. மழையும் ஏரியும் கோள் படங்களில் பளிச்சென்று தெரிந்தவைதான். போய்ப் பார்க்கத்தான் அங்கே யாருமில்லை. மூன்று தலைமுறை வெட்டுக்கிளி யார் கண்ணிலும் படாமல் பெருகியது. நல்ல சூழலில் மூன்று மாதத்தில் 20 மடங்கு, ஆறு மாதத்தில் 400, ஒன்பது மாதத்தில் 8,000 மடங்கு என்பது அந்தப் பூச்சியின் கணக்கு. அங்கிருந்து ஒரு பக்கம் யேமன் வழியாக ஆப்பிரிக்கக் கொம்புக்கு. கென்யாவில் 70 ஆண்டுகளில் காணாத படையெடுப்பு, அதில் ஒரு கூட்டம் மட்டும் 2,400 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல மூன்று மடங்குக்கு மேல்! இன்னொரு பக்கம் ஈரான், பாகிஸ்தான், கடைசியில் என் சீரக வயல்.

இதைப் படித்த பிறகு என் வழக்கம் மாறியது. ஜனவரியில் சேதத்தைத் தேடுவதற்குப் பதில் செப்டம்பர், அக்டோபரிலேயே பார்மேருக்கு மேற்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் தர்பார்க்கர் வரை பச்சை எப்போது வடிகிறது என்று பார்க்கிறேன். தாரில் கோடைக்கால இனப்பெருக்கம் மழையோடு தொடங்கி மழையோடு முடிய வேண்டும். பச்சை சீக்கிரம் வடிந்தால் கவலை குறைவு. நவம்பர் வரை நின்றால் காது கொடுத்துக் கேட்கத் தொடங்குவேன். சீரகம் விதைக்கும் முன்பே கிடைக்கும் தகவல் இது. உஞ்சாவில் இதற்கு இன்னும் விலை வைக்கவில்லை.

காசு கொடுத்து வாங்கும் சேவைகள் பற்றியும் கேட்பீர்கள். ஒரு பயிர்க் கண்காணிப்பு நிறுவனத்தின் சோதனைச் சந்தாவை வாங்கிப் பார்த்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. திரை ஜோராக இருந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் ஜாலோர் பக்கம் ஒரு பெரிய சிவப்புத் திட்டு, 'பூச்சிச் சேதம், கடுமை' என்ற குறிப்போடு. முதலாளிக்கே வியர்த்துவிட்டது. கோப்பர்நிக்கஸில் அதே இடத்தைத் திறந்து பின்னோக்கிப் போனேன். ஜனவரியில் அந்த வயல்கள் மஞ்சள் பூத்து நிற்கின்றன, பிப்ரவரியில் பூ உதிர்ந்து கரும்பச்சை, மார்ச்சில் மண். கடுகு அறுத்திருக்கிறார்கள்! அறுவடையைப் பூச்சிச் சேதம் என்று போட்டிருக்கிறது. எழுதிக் கேட்டதற்கு, எங்கள் மாடல் நிகழ்தகவு அடிப்படையில் இயங்குகிறது என்று பதில் வந்தது. சந்தாத் தொகையோ எங்கள் கடை வாடகைக்குப் பக்கத்தில் வரும், அதில் நிகழ்தகவு எதுவும் இல்லை. நியாயமாகச் சொன்னால், 3 மீட்டர் துல்லியத்தில் தினமும் படம் தரும் தனியார் கோள்கள் இருக்கின்றன. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு அது தேவைப்படும். ஒரு மசாலாக் கடைக்கு வேண்டாம்.

நம் சிங்கப்பூர்க் கோள்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். டெலியோஸ்-1 2015 டிசம்பரிலும் டெலியோஸ்-2 2023 ஏப்ரலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் மேலே போயின, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவை நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுபவை, நம் வட்டாரத்துக்காகச் செய்தவை. ராஜஸ்தான் அவற்றின் பாதையில் இல்லை. தலைகீழாகவும் ஒரு வேடிக்கை உண்டு. கோப்பர்நிக்கஸில் இங்குள்ள லிம் சூ காங் பண்ணைகளைப் பார்க்க ஆசைப்பட்டுத் தேடினேன். படத்துக்குப் படம் மேகம். தெளிவான ஒன்று கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரபிப் பருவத்து ராஜஸ்தான் வானம் அப்படியில்லை, கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். இந்தச் சேவையை நான் மெச்சுவதில் பாதி அந்த வானத்தைச் சேர வேண்டும். மழைக்காலப் பயிர் வாங்குகிறவர்கள் என் மதிப்பெண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்தப் படத்திலும் தெரியாத ஒன்று. வெட்டுக்கிளியை அடிக்க இந்தியாவில் தெளிப்பது மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி, 96 விழுக்காடு அடர்த்தியில், மிகக் குறைந்த அளவுத் தூவலாக. 2020-ல் டிரோன், ஹெலிகாப்டர் எல்லாம் வைத்து அடித்தார்கள். பிழைத்த வயல் படத்தில் அருமையாகச் சிவந்து தெரியும். அதன் மேல் எத்தனை முறை மருந்து விழுந்தது என்பது தெரியாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு இறக்குமதிச் சரக்கில் மருந்து எச்சத்தைச் சோதிக்கும்; வரம்பு மீறினால் சரக்கு கடைக்கு வராது. வெட்டுக்கிளி வரைபடத்தில் அந்த வட்டாரத்தில் புள்ளி விழுந்த பருவத்தில் நாங்கள் லாட் வாரியாகப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறோம். தராதவரிடம் வாங்குவதில்லை. சோதனைச் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம் என்று முதலாளி சம்மதித்திருக்கிறார், முனகிக்கொண்டே.